பெலேம் கரையின் ஜெரோனிமோஸ் மடம்: இரு கடற்கரைகளின் வரலாறு

லிஸ்பன் நகரின் மேற்கு ஓரத்தில், தேஜு ஆறு அட்லாண்டிக் கடலோடு கலக்கப்போகும் இடத்தில், ஜெரோனிமோஸ் மடமும் அதன் மாதா கோயிலும் இருக்கின்றன. கோயிலின் பலிபீடத்துக்கு இருபுறமும் நான்கு கல்லறைப் பேழைகள். போர்ச்சுகல் அரசர் முதலாம் மனுவேல், அவர் மனைவி மரியா, மகன் மூன்றாம் ஜுவாவ், மருமகள் கத்தரீனா ஆகியோருடையவை. அந்தப் பேழைகளைப் பளிங்கு யானைகள் சுமக்கின்றன. ஐரோப்பாவின் மேற்குக் கோடியில், காட்டில் ஒரு யானைகூட இல்லாத நாட்டில், அரச குடும்பத்தின் கடைசித் துயில் யானைகளின் முதுகில்.

சிற்பியின் கற்பனை என்று இதைக் கடந்துவிட முடியாது. மனுவேலின் காலத்தில் இந்திய யானைகள் லிஸ்பன் தெருக்களில் நடந்தன. 1514இல் திருத்தந்தை பத்தாம் லியோவுக்கு அவர் அனுப்பிய காணிக்கையில் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த ஒரு யானையும் இருந்தது. மறு ஆண்டு மே மாதத்தில் குஜராத் சுல்தான் முசாபரின் பரிசாகக் கிடைத்த காண்டாமிருகம் இதே பெலேம் கரையில் இறக்கப்பட்டது. அப்போது கட்டப்பட்டுவந்த பெலேம் கோபுரத்தின் காவல்மாடம் ஒன்றின் அடியில் அந்த விலங்கின் தலையைச் செதுக்கி வைத்தார்கள். மழையில் தேய்ந்த நிலையில் இன்றும் அது இருக்கிறது.

போர்ச்சுகல் இந்த மடத்தைத் தன் பொற்காலத்தின் அடையாளமாகக் கொண்டாடுகிறது. கொண்டாடத் தகுந்த கட்டடம்தான். ஆனால் அதன் வரலாற்றில் ஒரு பாதியே தேஜு ஆற்றங்கரையில் இருக்கிறது. மறுபாதியைத் தேடினால் கோழிக்கோடு, கொச்சி, புன்னைக்காயல் என்று நம் பக்கத்துக் கடற்கரைகளுக்கு வந்து சேரவேண்டியிருக்கும்.

மாலுமிகளின் சிற்றாலயம்

இன்றைய பெலேமுக்கு அன்று ரெஸ்தெலோ என்று பெயர். லிஸ்பன் துறையிலிருந்து இறங்கிவரும் கப்பல்கள் நல்ல காற்றுக்காக நங்கூரமிட்டுக் காத்திருக்கும் மணற்கரை. 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஆப்பிரிக்கக் கடற்கரைப் பயணங்களுக்கு ஊக்கம் தந்த ஹென்றி இளவரசர் இங்கே பெத்லகேம் மாதாவின் பெயரில் ஒரு சிற்றாலயம் கட்டினார். பெத்லகேமின் போர்ச்சுகீசு வடிவம்தான் பெலேம். கடலுக்குப் போகிறவர்களுக்குப் பூசை வைப்பதும், பாவசங்கீர்த்தனம் கேட்பதும், அவர்களுக்காக மன்றாடுவதும் அங்கிருந்த குருக்களின் வேலை. ஹென்றி தலைமை வகித்த கிறிஸ்து சபை என்னும் படைவீரர் துறவற அமைப்பு இதை நடத்திவந்தது.

1497 ஜூலை மாதம் வாஸ்கோ ட காமாவும் அவருடைய ஆட்களும் புறப்படுவதற்கு முந்திய இரவை இந்தச் சிற்றாலயத்தில் செபத்தில் கழித்தார்கள். காலையில் குருக்கள் முன்னே செல்ல, மெழுகுவர்த்தி ஏந்திய ஊர்வலமாகக் கரைக்கு வந்து படகேறினார்கள் என்று 16ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜுவாவ் த பாரூஷ் எழுதுகிறார். நான்கு கப்பல்கள், சுமார் 170 பேர். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஊர் திரும்பியவர்கள் அதில் பாதிகூட இல்லை. பெரும்பாலோரைக் கொன்றது ஸ்கர்வி நோய்.

காமா வெற்றியோடு திரும்பியதால் அதற்கு நன்றிக் காணிக்கையாக மனுவேல் இந்த மடத்தைக் கட்டினார் என்பது சுற்றுலா வழிகாட்டிகள் வழக்கமாகச் சொல்லும் கதை. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது அப்படியே பொருந்தவில்லை. மனுவேல் அரியணை ஏறியது 1495இல். ரெஸ்தெலோவில் ஒரு பெரிய மடம் நிறுவ அவர் கேட்ட அனுமதியைத் திருத்தந்தை ஆறாம் அலெக்சாண்டர் 1496இலேயே வழங்கிவிட்டார். காமா கோழிக்கோட்டை எட்டியது 1498 மே மாதத்தில். ஆக, இந்தியா கண்ணில் படுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே மடம் முடிவாகிவிட்டது.

அப்படியானால் மனுவேலின் நோக்கம் என்ன? அவர் முந்திய அரசரின் மகன் அல்ல. சித்தப்பா மகன், மனைவியின் தம்பியும்கூட. நேர்வாரிசு இல்லாமல் போனதால் மகுடம் அவருக்கு வந்தது. அவருக்கு முன்பிருந்த அவீஸ் மரபு அரசர்கள் பத்தாலியா மடத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். தம் கிளைக்கென்று தனிக் கல்லறைக் கோயில் ஒன்றை அவர் விரும்பினார். அதைக் கப்பல்கள் கிளம்பும் கரையிலேயே எழுப்பினால், கடல் வணிகத்தின் தலைவர் என்ற தோற்றமும் கூடவே கிடைக்கும். காமாவின் பயணம் மடத்துக்குக் காரணமாகவில்லை. மடத்தின் அளவை மாற்றியது. நூறு துறவிகள் தங்கும் பெருங்கட்டடமாக அது வளர்ந்ததற்கு இந்தியப் பயணத்தின் பணம் வேண்டியிருந்தது.

இடம் கைமாறியதிலும் ஒரு கதை உண்டு. சிற்றாலயத்தை விட்டுக்கொடுத்த கிறிஸ்து சபைக்கு மனுவேல் மாற்றாகத் தந்த கட்டடம், லிஸ்பன் யூதர்களின் பெரிய தொழுகைக்கூடம். 1496 டிசம்பரில் யூதர்களை நாட்டை விட்டு வெளியேற ஆணையிட்டவரும், அடுத்த ஆண்டே அவர்களைக் கட்டாயமாக மதம் மாற்றியவரும் அவர்தான். தொழுகைக்கூடம் கிறிஸ்தவக் கோயிலாக மாற்றப்பட்டு கிறிஸ்து சபையிடம் போனது. பெலேம் மடத்தின் அடிநிலத்துக்குக் கொடுக்கப்பட்ட முதல் விலை ஒரு சமூகத்தின் வழிபாட்டிடம்.

புதிய மடத்துக்கு மனுவேல் அழைத்துவந்தவர்கள் புனித எரோணிமுஸ் பெயரால் அமைந்த ஜெரோனிமோ துறவிகள். 14ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் தோன்றிய சபை. மௌனம், நீண்ட செபம், படிப்பு ஆகியவற்றுக்குப் பெயர் பெற்றது. ஹென்றி இளவரசரின் ஆன்மாவுக்கும், அரசருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் நாள்தோறும் திருப்பலி ஒப்புக்கொடுப்பதும், கப்பலேறுவோருக்கு ஆன்மிகத் துணையாக இருப்பதும் அவர்கள் மேல் சுமத்தப்பட்ட கடமைகள். ஜனவரி 6, மூன்று ராசாக்கள் திருநாளில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆண்டு 1501 என்று சில நூல்களும் 1502 என்று சில நூல்களும் சொல்கின்றன.

இருபதில் ஒரு பங்கு

ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழ்த்திசையிலிருந்தும் வரும் சரக்கு வணிகத்தில் இருபதில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு ஐந்து, மடத்தின் கட்டுமானத்துக்கு ஒதுக்கப்பட்டது. 'விந்தேனா த பிமேந்தா', மிளகின் இருபதில் ஒன்று, என்று அதற்குப் பெயர். பெயரில் மிளகு இருந்தாலும், மிளகு, பட்டை, கிராம்பு ஆகிய மூன்றின் வருமானம் நேரே அரசரின் கஜானாவுக்குப் போனது. மற்றச் சரக்குகளிலிருந்தே மடத்துக்குப் பங்கு கிடைத்தது. அப்படியிருந்தும் ஆண்டுக்கு ஏறத்தாழ 70 கிலோ தங்கத்துக்கு ஈடான தொகை வந்ததாக மதிப்பிடுகிறார்கள். ஒரு கட்டடத்துக்கு இவ்வளவு நிலையான வருமானம் அன்றைய ஐரோப்பாவில் எளிதில் கிடைக்கக்கூடியதல்ல.

இந்தப் பணம் எப்படி ஓடிவந்தது என்பதைப் புரிந்துகொள்ளப் பருவக்காற்றைப் பார்க்க வேண்டும். கப்பல்கள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் ரெஸ்தெலோவிலிருந்து பாய் விரித்தன. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, மொசாம்பிக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து, செப்டம்பர் வாக்கில் கோவாவுக்கோ கொச்சிக்கோ வந்தன. மலபார் மலைச்சரிவுகளில் விளைந்த மிளகை அடைத்துக்கொண்டு, வாடைக்காற்று வீசும் டிசம்பர், ஜனவரியில் திரும்பின. போக ஆறு மாதம், வர ஆறு மாதம். புயலிலும் நோயிலும் எத்தனையோ பேர் கடலோடு போனார்கள். ஒவ்வோர் ஆண்டும் இளவேனிலில் இந்தக் கரையில் மனைவிமாரும் தாய்மாரும் கூடி அழுததால்தான் இதைக் கண்ணீர்க் கரை என்று பழைய எழுத்தாளர்கள் குறித்தார்கள்.

மடத்தின் உள்ளே இந்தப் பயணங்களின் தடம் ஓரிடத்தில் மிகத் துல்லியமாகத் தெரிகிறது. மடத்து முற்றத்தின் கீழ்த் தாழ்வாரத்தில், கோயிலை ஒட்டிய சுவரில், வரிசையாகப் பன்னிரண்டு சிறு கதவுகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் சுவரின் கனத்துக்குள்ளேயே குடைந்த ஓர் அறை. குருவானவர் மடத்துப் பக்கமிருந்து தம் அறைக்குள் நுழைவார். பாவசங்கீர்த்தனம் செய்பவர் கோயில் பக்கமிருந்து வருவார். இடையில் ஓர் இரும்புக் கிராதி. துறவி தம் அடைப்பை விட்டு வெளியே வர வேண்டியதில்லை. மாலுமி மடத்துக்குள் கால் வைக்க வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேர் பாவசங்கீர்த்தனம் செய்யலாம். ஒரு கப்பற்கூட்டமே புறப்படும் நாளில் வரும் நெரிசலுக்கு ஏற்ற ஏற்பாடு இது.

கல்லில் கயிறு

கட்டடத்தைத் தொடங்கியவர் தியோகு த பொய்தாக்கா என்னும் தலைமைக் கொத்தனார். லிஸ்பன் சுற்றுவட்டாரத்தில் வெட்டிய, 'லியோஸ்' எனப்படும் சுண்ணாம்புக் கல்லைப் பயன்படுத்தினார். வெட்டும்போது வெளிறி இருக்கும் அந்தக் கல் வெயிலில் பொன்னிறம் கொள்ளும். 1517இல் பொறுப்பு ஸ்பெயின் நாட்டுக்காரரான ஜுவாவ் த கஷ்தீல்யு கைக்கு மாறியது. கோயிலின் குறுக்குக் கூடத்துக்கு மேல், நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் அவர் எழுப்பிய கல்விதானம் 1522இல் முடிந்தது. நடுக்கூடமும் பக்கக் கூடங்களும் ஒரே உயரத்தில் இருப்பதால், மெல்லிய எட்டுப் பட்டைத் தூண்களுக்கிடையே கோயில் முழுதும் ஒரே மண்டபமாக விரிகிறது.

ஆற்றைப் பார்த்திருக்கும் தெற்கு வாசல் 32 மீட்டர் உயரமும் 12 மீட்டர் அகலமும் கொண்டது. 1516 முதல் 1518 வரை இது செதுக்கப்பட்டது. நடுவில் குழந்தை இயேசுவை ஏந்திய பெத்லகேம் மாதா. உச்சியில் அதிதூதர் மிக்கேல். இருபுறமும் இறைவாக்கினர்கள், திருத்தூதர்கள், மறைவல்லுநர்கள். இரண்டு கதவுகளுக்கும் இடைப்பட்ட தூணில், எல்லாரும் கடந்துபோகும் உயரத்தில், கவசம் அணிந்து கையில் வாளோடு நிற்பவர் ஹென்றி இளவரசர். கதவுகளுக்கு மேலே புனித எரோணிமுஸ் சிங்கத்தின் காலில் தைத்த முள்ளை எடுக்கும் காட்சி. இவ்வளவு சிறப்பாக இருந்தும் இது பக்கவாசல்தான். முதன்மை வாசல் மேற்கே இருக்கிறது. அதைச் செதுக்கியவர் பிரெஞ்சுச் சிற்பி நிக்கோலாவ் ஷான்தெரேன். அங்கே ஒரு பக்கம் புனித எரோணிமுஸ் துணையோடு மனுவேலும், மறுபக்கம் திருமுழுக்கு யோவான் துணையோடு மரியாவும் முழந்தாளிட்டிருக்கிறார்கள். மேலே கிறிஸ்து பிறப்பும், மூன்று ராசாக்கள் குழந்தையை வணங்குவதும்.

55 மீட்டர் சதுரத்தில், இரண்டு அடுக்காக அமைந்த மடத்து முற்றத்தில்தான் கல்வேலை உச்சம் தொடுகிறது. முறுக்கிய கப்பற்கயிறு, முடிச்சு, பவளம், கடற்பாசி, இலைக்கொடி எல்லாம் வளைவுகளில் படர்கின்றன. அவற்றுக்கிடையே மூன்று அடையாளங்கள் திரும்பத் திரும்ப வரும்: வானியலார் பயன்படுத்தும் வளையக் கோளம், கிறிஸ்து சபையின் சிலுவை, அரச இலச்சினை. இந்தப் பாணியை இன்று மனுவேல் பாணி என்கிறோம். அரசர் காலத்தில் யாரும் அப்படி அழைக்கவில்லை. பிரேசில் வரலாற்றாசிரியர் வர்ன்யாகன் 1842இல் இதே மடத்தைப் பற்றி எழுதிய நூலில் வைத்த பெயர் அது.

1521இல் மனுவேல் இறந்தார். பின்னர் ரசனை மாறியது. இன்று நாம் காணும் பலிபீடப் பகுதி, ஜுவாவின் விதவை கத்தரீனாவின் ஆணையில் ஜெரோனிமு த ருவாவ் 1570களின் தொடக்கத்தில் கட்டியது. அலங்காரம் குறைந்த, நேர்கோடுகளும் பளிங்குமான இத்தாலியப் பாணி. யானைகள் அப்போதுதான் வந்தன. மனுவேல் காலத்துக் கயிறுகளுக்கும் பவளங்களுக்கும் நடுவே அந்தப் பகுதி சற்று விறைப்பாகத் தெரிந்தாலும், இந்தியாவை நேராகப் பெயர் சொல்லும் சிற்பம் அங்கேதான் இருக்கிறது.

கணக்கின் மறுபக்கம்

மடத்தின் சுவர்கள் எழத் தொடங்கிய காலத்தில், 1502இல், காமா இரண்டாம் முறையாக இந்தியா வந்தார். மலபார் கரைக்கு அருகே, மக்கா யாத்திரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த 'மீரி' என்ற கப்பலைப் பிடித்தார். அதில் ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள். சரக்கை எடுத்துக்கொண்டபின் கப்பலுக்குத் தீ வைக்கச் சொன்னார். பெண்கள் தம் நகைகளைக் காட்டியும் குழந்தைகளைத் தூக்கிக் காட்டியும் உயிர்ப்பிச்சை கேட்டதை, உடன் வந்த கப்பலிலிருந்து பார்த்த போர்ச்சுகீசியரான தொமே லோபஸ் எழுதிவைத்திருக்கிறார். பிறகு கோழிக்கோடு நகரத்தின் மீது பீரங்கித் தாக்குதல் நடந்தது. அனுமதிச் சீட்டு வாங்காத கப்பல்கள் அரபிக்கடலில் போகக்கூடாது என்ற முறை வந்தது. நூற்றாண்டுகளாக எல்லாருக்கும் பொதுவாக இருந்த கடல் வழிக்குப் பீரங்கி ஒரு சொந்தக்காரரை உண்டாக்கியது.

பெலேமின் அழகைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஐந்து விழுக்காடு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை இதில் அடங்கியிருக்கிறது.

இந்தக் கேள்வி போர்ச்சுகீசியருக்கே தோன்றாமல் இல்லை. 1572இல் வெளியான கமோயன்ஸின் 'லுசியாதர்கள்' காமாவின் பயணத்தைப் பாடும் பெருங்காப்பியம். அதில் கப்பல்கள் புறப்படும் நேரத்தில், இதே ரெஸ்தெலோ கரையில் ஒரு முதியவர் முன்வந்து, புகழாசையும் பேராசையுமே இந்தப் பயணத்தைத் தூண்டுகின்றன என்று உரக்கக் கண்டிக்கிறார். கமோயன்ஸ் இந்தியாவில் படைவீரராகப் பல ஆண்டுகள் இருந்தவர். நேரில் பார்த்தவர் என்பதால் அந்த முதியவரின் குரலுக்குத் தனி எடை இருக்கிறது. 'ரெஸ்தெலோ முதியவர்' என்பது இன்றும் போர்ச்சுகலில் வழக்கிலுள்ள தொடர்.

முத்துக்குளித்துறைக்கு வந்த வழி

1541 ஏப்ரல் 7 அன்று லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குக் கிளம்பிய கப்பலில் பிரான்சிஸ் சவேரியார் இருந்தார். அன்று அவருக்கு 35 வயது நிறைந்தது. பதின்மூன்று மாதங்கள் கழித்துக் கோவா சேர்ந்தவர், 1542 இறுதியில், புன்னைக்காயல் அமைந்திருக்கும் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கே ஏற்கெனவே ஆயிரக்கணக்கான பரதவர்கள் 1535 முதல் 1537 வரையான ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். முத்துக்குளிப்பு உரிமைக்காக நடந்த மோதலில் கொச்சிக்குத் தூது அனுப்பிப் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைத் தேடிய சமூகம் அது. பாதுகாப்புக் கிடைத்தது, கூடவே முத்தில் ஒரு பங்கு போர்ச்சுகீசியருக்குச் செலுத்தும் கடமையும் வந்தது. மந்திரங்களை மொழிபெயர்க்கச் செய்து, தமிழில் மனப்பாடம் செய்து, ஊர் ஊராக மணியடித்துக் குழந்தைகளைக் கூட்டிக் கற்பித்ததைச் சவேரியார் தம் கடிதங்களில் விவரிக்கிறார்.

லிஸ்பனுக்குப் போன கப்பல்களில் மிளகு மட்டும் போகவில்லை, தமிழ் தெரிந்த மனிதர்களும் போனார்கள். விசேந்த்தே த நசரே, ஜோர்ஜ் கர்வால்யோ, தொமே த குரூஸ் என்று போர்ச்சுகீசுப் பெயர் தாங்கிய இந்தியர் மூவர் அங்கே சேர்ந்து ஒரு சிறு மறைக்கல்வி நூலைத் தயாரித்தார்கள். யானைப் பேழையில் துயில்கொள்ளும் அதே மூன்றாம் ஜுவாவின் ஆணைப்படி, ஜெர்மாவ் கல்யார்து என்பவரின் அச்சகத்தில் 1554 பிப்ரவரியில் அது வெளிவந்தது. 'தமிழ் மொழியிலும் போர்ச்சுகீசிலும் கார்த்தில்யா' என்பது அதன் பெயர். தமிழ் வார்த்தைகள் ரோமன் எழுத்தில், அவற்றோடு சொல்லுக்குச் சொல் போர்ச்சுகீசுப் பொருள், கறுப்பு, சிவப்பு ஆகிய இரண்டு மைகளில். இந்திய மொழி ஒன்று அச்சேறிய முதல் நூல் இது.

தமிழ் எழுத்திலேயே நூல் வர இன்னும் 24 ஆண்டுகள் ஆயின. அண்டிரிக் அடிகளார் என்று நம்மவர்கள் அழைத்த ஹென்றீக்கே ஹென்றீக்கஸ், 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். அதை நாம் ஓரளவு அறிவோம். லிஸ்பன் நூல் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை; ரோமன் எழுத்தில் இருப்பதால் அதைத் தமிழ் நூல் என்று ஏற்கத் தயங்குகிறவர்களும் உண்டு. ஆனால் எழுத்து மரபுக்குக் கட்டுப்படாமல், காதில் விழுந்த ஒலியை அப்படியே பிடித்து வைத்திருப்பதால், 16ஆம் நூற்றாண்டுக் கடற்கரைத் தமிழின் உச்சரிப்பைத் தேடுவோருக்கு அது அரிய சான்று. 1950களில் தனிநாயகம் அடிகளார் லிஸ்பனில் இந்நூலைப் பார்த்து, தம் 'தமிழ்க் கல்ச்சர்' இதழின் வழியே அறிஞர் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

அந்த நூல் இப்போது எங்கே இருக்கிறது என்பதற்கு வருமுன், மடத்துக்குப் பின்னாளில் நேர்ந்ததைச் சொல்லியாக வேண்டும்.

நிலநடுக்கம், அனாதைப் பிள்ளைகள், அருங்காட்சியகம்

1578இல் இளம் அரசர் செபஸ்தியான் மொராக்கோப் போரில் காணாமல் போனார். நேர்வாரிசு இல்லாததால் 1580இல் போர்ச்சுகல் ஸ்பெயின் அரசரின் கீழ் வந்தது. மடத்துக்கு வந்த பணம் ஸ்பெயினில் கட்டப்பட்டுவந்த எஸ்கோரியல் அரண்மனை மடத்தின் பக்கம் திரும்பியது. பெலேமில் பெரிய வேலைகள் ஓய்ந்தன.

1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள் காலையில் லிஸ்பன் நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் தீயிலும் அழிந்தது. ஆற்றங்கரை அரண்மனையோடு, இந்திய வணிகத்தின் தலைமையகமான காசா த இந்தியாவும் அதன் ஆவணங்களும் போயின. பெலேம் மடமோ பெரிய சேதமில்லாமல் தப்பியது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மிளகும் முத்தும் துணியும் எவ்வளவு வந்தன, யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்ற கணக்கேடுகள் அழிந்தன. அந்த வருமானத்தில் கட்டிய கட்டடம் மிஞ்சியது. அதனால்தான் வரலாற்றாய்வாளருக்கு இதன் ஒவ்வொரு கல்லும் ஆவணத்துக்கு நிகராகிறது.

துறவிகளை வெளியேற்றியது நிலநடுக்கமல்ல, அரசியல். தாராளவாதிகளின் அரசு 1833 டிசம்பரில் மடத்தைக் கையகப்படுத்தி, அனாதைப் பிள்ளைகளைப் பராமரிக்கும் காசா பியா என்ற நிறுவனத்திடம் தந்தது. அடுத்த ஆண்டு நாட்டின் ஆண் துறவற மடங்கள் அனைத்தும் மூடப்பட்டன. கோயில் மட்டும் பெலேம் பங்கின் கோயிலாகத் தொடர்ந்தது. மடத்துக் கூடங்களில் பிள்ளைகள் படித்தார்கள், தூங்கினார்கள். பிழைப்பிழந்த மடத்துக்காரர்களிடமிருந்து கிடைத்த செய்முறையில் பக்கத்திலிருந்த சர்க்கரை ஆலையையொட்டி ஒரு கடையில் முட்டைக் கஸ்டர்ட் பணியாரம் விற்கத் தொடங்கினார்கள். 1837இல் தொடங்கிய அந்தக் கடையின் முன்னால் இன்றும் வரிசை நிற்கிறது.

புதுப்பிக்கும் வேலைகள் 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் நடந்தன. நாடக அரங்கக் காட்சி வரைந்து பெயர் வாங்கிய ராம்புவா, சினாத்தி என்ற இரு இத்தாலியர்கள் முகப்பை மாற்றி அமைத்தார்கள். 1878 டிசம்பரில், துறவிகளின் பழைய உறைவிடப் பகுதியின் நடுவில் எழுப்பப்பட்டுவந்த கோபுரம் சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இன்று நாம் காணும் நீண்ட முகப்பில் ஒரு பகுதி மனுவேல் காலத்தது அல்ல. மனுவேல் பாணியில் 19ஆம் நூற்றாண்டு செய்தது.

அதே காலத்தில்தான் மடம் தேசிய நினைவிடமாக உருமாறியது. 1524 கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் கொச்சியில் இறந்த காமா, முதலில் அங்கே புனித பிரான்சிஸ் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டவர்; அந்தக் கல்லறைக் கல்லைக் கொச்சிக் கோட்டைப் பகுதியில் இன்றும் பார்க்கலாம். பின்னர் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோகப்பட்ட அவருடைய உடல் எச்சங்களும், கமோயன்ஸுடையவை எனக் கருதப்பட்ட எச்சங்களும் 1880இல், கவிஞர் மறைந்த முந்நூறாம் ஆண்டில், பெலேம் கோயிலுக்கு வந்தன. நுழைந்ததும் ஒரு பக்கம் பயணம் போனவர், எதிர்ப்பக்கம் அதைப் பாடியவர். 1985இல் கவிஞர் பெர்னாந்து பெசோவாவின் எச்சங்களும் முற்றத்துத் தாழ்வாரத்தில் வைக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூனில் போர்ச்சுகல் ஐரோப்பியச் சமூகத்தில் சேரும் ஒப்பந்தமும், 2007 டிசம்பரில் லிஸ்பன் உடன்படிக்கையும் இங்கேதான் கையெழுத்தாயின. 1983இல் மடமும் பெலேம் கோபுரமும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

மடம் கரையோரத்தில் எழுந்தது என்று சொல்லும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அன்று மணற்கரை கோயில் வாசலுக்கு வெகு அருகில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆற்றோரம் மண் கொட்டி மேடாக்கப்பட்டது. ரயில் பாதை வந்தது. 1940இல் போர்ச்சுகீசு உலகக் கண்காட்சிக்காக முன்புறம் பெரிய சதுக்கம் அமைக்கப்பட்டது. கப்பல் கிளம்பிய கரைக்கும் வாசலுக்கும் நடுவில் இன்று தோட்டமும் தார்ச்சாலையும் இருக்கின்றன.

இனி அந்த 1554ஆம் ஆண்டு நூல். ஜுசே லெய்த்தே த வஷ்கோன்சேலுஷ் என்ற மொழியறிஞர் 1893இல் நிறுவிய அருங்காட்சியகம் 1903இல் இந்த மடத்தின் மேற்குப் பகுதிக்கு மாற்றப்பட்டது. இன்று அது தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். உலகில் எஞ்சியதாக அறியப்பட்ட ஒரே 'கார்த்தில்யா' பிரதி இதன் சேகரிப்பைச் சேர்ந்தது; 1970இல் அருங்காட்சியகமே அதன் நிழற்படப் பதிப்பை வெளியிட்டது. இந்தியக் கடல் வணிகத்தின் பணத்தில் எழுந்த மடத்தின் பெயரோடுதான் அச்சேறிய முதல் தமிழ் நூலின் இருப்பிடமும் பிணைந்திருக்கிறது.

இங்கிருந்து தமிழர்கள் செய்ய வேண்டிய வேலை தெளிவாகவே தெரிகிறது. முத்துக்குளித்துறை, நாகப்பட்டினம், மயிலாப்பூர், யாழ்ப்பாணம் ஆகிய கரைகளைப் பற்றிய 16, 17ஆம் நூற்றாண்டு ஆவணங்கள் லிஸ்பனின் தொர்ரே து தொம்பு ஆவணக் காப்பகத்திலும், கோவாவிலும், ரோமிலுள்ள இயேசு சபைக் காப்பகத்திலும் குவிந்துகிடக்கின்றன. பெரும்பாலானவை போர்ச்சுகீசில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்ட சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு அந்த இரு நூற்றாண்டுத் தமிழ்க் கடற்கரையின் வரலாற்றை முழுமையாக எழுத முடியாது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகளும் தமிழ்த் துறைகளும் சேர்ந்து போர்ச்சுகீசு மொழிப் பயிற்சிக்கு இடம் ஏற்படுத்த வேண்டும். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஆய்வு மாணவர்களையாவது அந்தக் காப்பகங்களுக்கு அனுப்ப வேண்டும். பரதவர் ஊர்களிலிருந்து வரும் இளம் ஆய்வாளர்களுக்கு அதில் முதலிடம் கிடைக்க வேண்டும்.